இடதுபக்கப் புகைபோக்கி

ஹலோ… ஹலோ, மிஸ்டர் ஹெப்வர்த்? வைக்காதீங்க, வைக்காதீங்க! போன தடவை மாதிரி டொக்குன்னு வச்சீங்கன்னா திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருப்பேன், சொல்லிட்டேன். எனக்கு இன்னிக்கு வேற ஜோலியே இல்ல…

ஆமா, நான்தான். பெவர்லிதான். என்னைத் தவிர உங்களை யாரு கூப்பிடப்போறாங்க?… ஆமா. ஆமா ஆமா, ஹவுஸ் ஓனர். அப்படியே கூப்பிடுங்க, எனக்கொண்ணும் குறைஞ்சுடாது.

விஷயத்துக்கு வர்றேன். கீரன் இப்பத்தான் எனக்குப் போன் பண்ணான். உங்க வாசல்ல நின்னு நின்னு கால் கடுத்துப்போச்சாம்… எந்தக் கீரனா? கேஸ் மெக்கானிக் கீரன்! வருஷா வருஷம் வந்து குளிர்காயற கேஸ் கணப்பையும் அடுப்பையும் சோதிச்சுட்டுப் போறவன்… தெரியாதா? போன வருஷம் வந்தப்போ உங்க சம்சாரம் டோரீன் அவனுக்கு டீ போட்டு, இஞ்சிக் கேக்கு வெட்டிக் குடுத்தாங்க. நீங்க அவன்கிட்ட ஒரு மணி நேரம் கால்பந்து பேசுனீங்க. இன்னிக்குத் தபால் போடுற ஓட்டை வழியா ‘போடா நாயே’ன்னு கத்தியிருக்கீங்க!

அப்படிச் சொல்லலையா? அப்புறம் என்ன சொன்னீங்க?…

ஓ. அதைவிட மோசமாவா. ரொம்ப சந்தோஷம்.

இல்ல, நீங்க கேளுங்க… நான் பேசி முடிச்சுக்கறேன்… ஐயோ, ஒரு நிமிஷம் என்னைப் பேச விடுறீங்களா? வாடகைக்கு விட்ட வீட்டுல வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் சமாச்சாரம் எல்லாத்தையும் சோதிச்சாகணும். இது என் ஆசை இல்ல, சட்டம். சோதிக்கலைன்னா ஜெயிலுக்குப் போறது நான், நீங்க இல்ல… ஆமா, உங்களுக்கு அது கொண்டாட்டமாத்தான் இருக்கும். தெரியும்.

என்னது?… ஆமா. மறைக்கலையே நான். அந்தச் சான்றிதழ் இல்லாம உங்களைக் காலி பண்ணச் சொல்லி நான் கோர்ட்டுக்குப் போனா வழக்கு நிக்காது. அதனாலதான் கீரனை உள்ளயே விடாம மூணு தடவை துரத்தியிருக்கீங்க. யாரு சொல்லிக்குடுத்தது இதை? உங்க கிளப்புல பியரைக் குடிச்சுட்டு நியாயம் பேசுற கூட்டமா?… லைப்ரரில படிச்சீங்களா? பரவாயில்லையே, படிக்கக்கூடச் செய்யறீங்க.

கத்தாதீங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்… யாரு தூங்கறா? டோரீனா? இந்நேரத்துலயா?… காய்ச்சலா. சரி சரி, நான் மெதுவாப் பேசறேன். நீங்கதான் கத்தறீங்க.

அது எங்க அம்மா வீடு, மிஸ்டர் ஹெப்வர்த். நான் பிறந்த வீடு. என் பொண்ணு ஹெய்லி வயித்துப் பிள்ளையோட ஒரு மீன் வறுவல் கடைக்கு மேல ஒத்தை ரூம்ல கிடக்கா. அவளுக்கு வீடு வேணும். இதுல என்ன அநியாயம் கண்டுட்டீங்க?… என்கூட வந்து இருக்கட்டுமா? இங்க ஸ்கெக்னஸ்ல ரெண்டு ரூமு. அவ புருஷனும் நாயும் சேர்ந்து வந்தா நான் கடல்லதான் போய்ப் படுக்கணும்…

பூட்டா? எந்தப் பூட்டு?… அது கோவத்துல சொன்னது. ‘நீங்க வெளிய போற நேரமாப் பார்த்துப் பூட்டை மாத்திடுவேன்’னு சொன்னேன். ஆமா, சொன்னேன். இல்லைங்கல. நீங்க எங்க அப்பாவைப் பேசுன பேச்சுக்குத்தான் சொன்னேன்…

இதோ பாருங்க, மறுபடியும்! அவரை இதுல இழுக்காதீங்கன்னு எத்தனை தடவை… அவரு செத்து மண்ணாப் போயிட்டாரு. ஸ்ட்ரைக்கு முடிஞ்சு, நிலக்கரிச் சுரங்கத்தையே மூடி, அது மேல இன்னிக்குக் கார் விக்கிறான். நீங்க இன்னும் கருங்காலி, கருங்காலின்னு… ஆமா, போனாரு! எல்லாரும் வெளிய நிக்கும்போது அவரு வேலைக்குப் போனாரு. எங்களுக்குச் சோறு வேணும்னு போனாரு. ஊரே ஜன்னல்ல கல்லெறிஞ்சுச்சு. நீங்களும் எறிஞ்சிருப்பீங்க…

எறியலையா? நன்றி. ரொம்ப நன்றி. சிலை வச்சுடறேன்.

அப்போ கருங்காலி வீட்டுல எதுக்குக் குடி வந்தீங்க?… டோரீன்தான் கையெழுத்துப் போட்டாங்க. ஆமா, தெரியும். அந்த மனுஷி மட்டும் இல்லைன்னா நான் உங்ககிட்ட இத்தனை நாள் வாயைக் குடுத்துக்கிட்டு இருக்கமாட்டேன். அவங்க முகத்துக்காகத்தான் பொறுத்துக்கிட்டேன்…

உங்களுக்குமா? உங்களுக்கு என்ன உடம்புக்கு?… தலைவலி. சரி… என் நோட்டீஸ் வந்ததுல இருந்து தலைவலியா! ஆகா. அடுத்தது உங்க முட்டிவலிக்கும் நான்தான் காரணம்னு சொல்லுங்க… ஏன், கிளப்புக்குப் போனா மட்டும் சரியாயிடுதாக்கும்? என் நினைப்பு அங்க வர்றதில்ல போல. அதான் பியரோட மகிமை.

கூரைக்காரங்களா? அவங்க என்ன பண்ணாங்க இப்போ?… அவங்க வந்துட்டுப் போயே ரெண்டு வாரம் ஆச்சு. டோரீன்தானே கேட்டாங்க? மாடி ரூம் சுவரெல்லாம் ஈரம், மழைத்தண்ணி இறங்குதுன்னு. மாடியில எரியாத புகைபோக்கி ஒண்ணு சும்மா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது, அது வழியா இறங்குற தண்ணி. அதுக்கு ஒரு மூடி போடச் சொல்லித்தான் டெரிக்கை அனுப்புனேன். என் கைக்காசு. ஒரு நன்றி உண்டா? உங்க வாயில இருந்து அது வருமா?…

என்னது?

கிளி செத்துப்போச்சா? உங்க பிக்கிள்ஸா?… அச்சச்சோ. எப்போ?… சரி, அதுக்கும் டெரிக்குக்கும் என்ன சம்பந்தம்?… சுத்தியல் சத்தத்துல பயந்து செத்துடுச்சா! மிஸ்டர் ஹெப்வர்த், டெரிக்கு வந்தது ரெண்டு வாரம் முன்னாடி. கிளி செத்தது போன வியாழக்கிழமைங்கறீங்க. உங்க கிளிக்குச் சத்தம் அவ்வளவு லேட்டாவா காதுல விழும்? எங்கயாவது… ஹ… எங்கயாவது இருக்கா இந்தக் கூத்து? கிளி செத்ததுக்கும் என்னை ஜெயில்ல போடச் சொல்லுங்க. கோர்ட்டுல கூண்டைக் கொண்டு வந்து காட்டுங்க…

சிரிக்கல. சரி, சிரிச்சேன். தப்புதான். டோரீனுக்கு அது மேல எவ்வளவு உசுருன்னு தெரியும்…

இல்ல, அது எப்படிக் கிடந்துச்சு? கூண்டுக்குள்ளயா?… கம்பியில இருந்து விழுந்து. காலைல பார்த்தா விழுந்து கிடந்துச்சு… ம்… குளிருதுன்னு எங்க மாட்டியிருந்தீங்க?… எங்க?

கணப்புக்கு மேலயா…

…

இருங்க. இருங்க, நான் யோசிக்கிறேன். பேசாதீங்க ஒரு நிமிஷம்.

மிஸ்டர் ஹெப்வர்த், கணப்பை என்னிக்கு ஏத்துனீங்க?… குளிரு ஆரம்பிச்சதும். போன வாரமா? அதுக்கு முன்னாடி ஏத்தலை… தலைவலி என்னிக்கு ஆரம்பிச்சுது? நோட்டீஸை விடுங்க! என்னிக்கு?… டோரீன் எங்க தூங்கறாங்க? மாடிலயா?

முன்னறையிலயா. சோபாவுல. கணப்புக்கு எதிர்ல…

எரியுதா இப்போ?… கதவு சாத்தியிருக்கா?… கோவமாப் பேசலை நான்! கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க! தீ என்ன நிறத்துல எரியுது?… வேலையத்துப் போய்க் கேக்கலை. எட்டிப் பாருங்க. நிறம்!

மஞ்சளா.

‘அழகா இருக்கு, நிஜக் கரி நெருப்பு மாதிரி’ங்கறீங்களே மனுஷா, அது நீலமா எரியணும்! மேல சுவர்ல கரி படிஞ்சிருக்கா?… நான் சுத்தம் பண்ணச் சொல்லலை! கரி இருக்கான்னு கேக்குறேன்!… இருக்கு.

அலாரம்? போன வருஷம் கீரன் ஒரு வெள்ளை டப்பா வச்சுட்டுப் போனானே, அலமாரி மேல, அது கத்தலையா?… என்னது?… பேட்டரியை எடுத்து டிவி ரிமோட்டுல போட்டுட்டீங்களா!

கடவுளே. சரி. சரி, கேளுங்க. கணப்பை அணைங்க. டோரீனை எழுப்புங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க. இப்பவே. கையில எடுத்துட்டுப் போற போன்தானே, வைக்காம கையிலயே வச்சுக்கிட்டு…

எதுக்குச் சிரிக்கிறீங்க?

…இல்ல. இல்லவே இல்ல. காலி பண்ணச் சொல்லலை! வீட்டுக்குள்ள விஷவாயு நிக்குதுன்னு சொல்றேன். வாசனை இருக்காது அதுக்கு. நீங்க மூக்கை உறிஞ்சுறது எனக்குக் கேக்குது, உறிஞ்சுனா தெரியாது!… எந்தப் பூட்டு? யாரு பூட்டோட நிக்கறா? கீரனா? அவன் வண்டியில பூட்டும் இல்ல, துளைபோடுற மெஷினும் இல்ல, வாயுவை அளக்குற கருவிதான் இருக்கு. அவன் தெருக்கோடில உட்கார்ந்து சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருக்கான்… ஆமா, நான்தான் இருக்கச் சொன்னேன். உங்ககிட்ட இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன், போயிடாதேன்னு… பொறி வைக்கலை! யாரு மேல சத்தியம் பண்ணட்டும்? ஹெய்லி வயித்துல இருக்கிற பிள்ளை மேல…

நம்பாதீங்க. சரி, என்னை நம்பாதீங்க. நான் கருங்காலி மகள். ஆல்ஃப் ரோபக் பெத்த பொண்ணு. என் வாயில இருந்து வர்றது எல்லாமே பொய்யின்னு வச்சுக்கோங்க.

நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போனை வச்சுடுங்க. சுரங்கத்துக்குள்ள தீப்பிடிச்சா, மீட்கப் போறவங்க கையில ஒரு கூண்டு இருக்கும். எங்க அப்பா சொல்லியிருக்காரு, நீங்க கண்ணாலயே பார்த்திருப்பீங்க. அந்தக் கூண்டுல என்ன இருக்கும்?

…சொல்லுங்க.

குருவி. மஞ்சக் குருவி. எதுக்கு? பாட்டுக் கேக்கவா?… ஆமா, விஷவாயு இருந்தா மனுஷனுக்கு முன்னாடி அது விழும்னு. அது கம்பியில இருந்து விழுந்தா என்ன பண்ணுவீங்க? சுத்தியல் சத்தத்துல விழுந்துச்சான்னு விசாரிச்சுக்கிட்டு நிப்பீங்களா? கருங்காலி பொண்ணு பொய் சொல்றாளான்னு பார்ப்பீங்களா?… என்ன பண்ணுவீங்க, ரெக் ஹெப்வர்த்?

…

ரெக்?

ரெக், பேசுங்க… ஹலோ? எங்க போறீங்க? போன் கையில இருக்கா?… ஆங். கேக்குது. கணப்பு அணைஞ்சுதா? நல்லது. ஜன்னலைத் திறங்க. திறக்க வரலைன்னா விடுங்க, டோரீனைப் பாருங்க. டோரீன்!… ஏன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க, எழுந்திருக்கலையா?… உலுக்குங்க… நல்லா உலுக்குங்க! தூங்கட்டும்னு விடாதீங்கய்யா! முகம் எப்படி இருக்கு?… கன்னம் சிவப்பா, நல்லாத்தான் இருக்கா? நல்லா இல்ல! அது விஷவாயு ஏறுன சிவப்பு!

தூக்க முடியலையா. நீங்க உட்காராதீங்க. யோவ் ரெக்! உட்காராதேன்னு சொல்றேன்ல! தலை சுத்துனாலும் தவழ்ந்து போ! வாசல் கதவைத் திற! உன்னால தூக்க முடியாது, கதவை மட்டும் திறந்து விடு! இரு, லைன்லயே இரு, என் கைபோன்ல கீரனைப் பிடிக்கிறேன்…

எடு, எடு, எடுடா… கீரன்! தின்னது போதும், தூக்கிப் போடு. திரும்பிப் போ ஹெப்வர்த் வீட்டுக்கு. ஓடு! உள்ள விஷவாயு. டோரீன் சோபாவுல மயக்கமாக் கிடக்குறாங்க, தூக்கிட்டு வந்து தெருவுல போடு. மீட்டர் வால்வை அப்புறம் மூடு, முதல்ல அந்த அம்மா… அவரு உன்னைத் திட்டமாட்டாரு, போ!

ரெக்? ரெக், இருக்கியா? கதவு?… திறந்துட்டியா? அப்பாடா. கீரன் வர்றான், வண்டிச் சத்தம் எனக்கே கேக்குது… ஆமா, அவன்தான். விடு அவனை உள்ள. நீ வெளிய வா. நீ மறுபடியும் உள்ள போகாதே! அவன் பார்த்துப்பான்… என்னது சாவியா? எதுக்கு இப்ப சாவி?

…என் மேல இன்னும் நம்பிக்கை இல்ல. சரி. சாவி பாக்கெட்டுல இருக்குல்ல? இருக்கு. போதும். படியிலயே உட்காருங்க. மூச்சை இழுத்து விடுங்க.

தூக்கிட்டு வந்துட்டானா?… எங்க படுக்க வச்சிருக்கான்? ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லுங்க… மூச்சு இருக்கா? ரெக், மூச்சு இருக்கான்னு அவனைக் கேளுங்க!

இருக்கு.

இருக்கு. நல்லது. நல்லது… ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாச்சா? கீரன் கூப்பிட்டுட்டானா. நல்ல பிள்ளை… இல்ல, நான் அழலை. சளி. கடல் காத்து.

கண்ணைத் திறந்துட்டாங்களா!… என்ன சொல்றாங்க?… வாந்தி எடுக்கட்டும், எடுக்கட்டும், அது பரவாயில்ல… ‘போன்ல யாரு’ன்னா கேக்கறாங்க? சொல்லுங்க, பெவர்லின்னு சொல்லுங்க… என்ன சொன்னாங்க?… சொல்லமாட்டீங்களா. சரி.

இப்பச் சொல்லுங்க, நான் கேட்டது தப்பா? கீரனை முதல் தடவையே உள்ள விட்டிருந்தா பார்த்த உடனே கண்டுபிடிச்சிருப்பான்ல? வருஷா வருஷம் ஒரு ஆளு வந்து பார்க்கணும்னு சட்டம் எதுக்குப் போட்டிருக்கான்? என்னை வழக்குல ஜெயிக்க வைக்கவா? உங்க வீம்பு, மிஸ்டர் ஹெப்வர்த், உங்க வீம்பு அந்தப் பொம்பளையை…

என்ன? கீரன் எங்க பார்க்கிறான்?… மேலயா? கூரையவா?

…மூடியா? ஆமா, டெரிக்கு போட்ட மூடி. நம்ம வீட்டுக் கூரையில ரெண்டு புகைக்குழாய், ஒண்ணு மாடி ரூமுது, இன்னொண்ணு முன்னறைக் கணப்போடது. இடதுபக்கம் இருக்கிறதுக்குப் போடச் சொன்னேன். அதுதான் மாடி ரூமோடது. சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

வலதுபக்கத்துலயா? இருக்காது. கீரனை நல்லாப் பார்க்கச் சொல்லுங்க. இடதுன்னு நான் தெளிவாச் சொன்னேன். ஸ்கெக்னஸ்ல இருந்து போன்ல சொன்னேன், டெரிக்கும் ‘இடதுதானே, சரி’ன்னான்…

நீங்க எங்க நின்னு பார்க்கறீங்க?… தெருவுல. ஆமா, தெருவுல நின்னு பார்க்கிற கணக்குலதான் நானும் சொல்றேன்…

…

டெரிக்கு ஏணியை எங்க போட்டான்?

கொல்லைப்பக்கம். சந்துல.

…

இருக்கேன். லைன்ல இருக்கேன்.

ஆமா. பின்பக்கம் நின்னு பார்த்தா அதுதான் இடது. அவனும் எந்தப் பக்கத்துல இருந்துன்னு கேக்கலை, நானும் சொல்லலை. கீழ ஒரு தடவை கணப்பை ஏத்திப் பார்த்துட்டுப் போடுன்னுகூடச் சொல்லலை… நான்தான். நான் மூடச் சொன்னதுதான். எரியுற கணப்போட புகைபோக்கியை நான் மூடி, புகையை வீட்டுக்குள்ளயே திருப்பி விட்டுட்டு, உங்களை…

சொல்லுங்க. திட்டுங்க. நல்லாத் திட்டுங்க, எனக்கு வேணும்… ஆமா. பூட்டு. பூட்டைப் பத்தி நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா நீங்க கதவைத் திறந்திருப்பீங்க. அதுவும் நிஜம். எனக்கு வெக்கமா இருக்கு, ரெக். பயமா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் நான் உங்களோட சண்டையே போட்டுக்கிட்டு இருந்திருந்தா…

அந்த வழக்கு வேணாம். நான் கோர்ட்டுக்குப் போகலை. ஹெய்லிக்கு வேற எங்கயாவது பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அங்கயே இருங்க, எத்தனை வருஷம் வேணாலும்… கேக்குதா?

என்ன சொன்னீங்க?

…‘நாங்க வீட்டை விட்டு வெளிய போகணும்னு கேட்டியே, இதோ தெருவுல கிடக்குறா, வந்து வீட்டை எடுத்துக்கோ’ன்னா சொல்றீங்க. அப்படிப் பேசாதீங்க. ரெக், அப்படிச் சொல்லாதீங்க, நான்…

கேளுங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் குளிரும். டோரீன் மேல ஒரு கோட்டை எடுத்துப் போர்த்துங்க… இல்ல! கோட்டு வேணாம், அது உள்ளதானே இருக்கும்! கீரன் சட்டையைக் கழட்டிக் குடுக்கட்டும். நீங்க உள்ள போகாதீங்க. எதுக்காகவும் உள்ள போகாதீங்க, ரெக்…

ரெக்?

ஹலோ?… உள்ள போயிடாதீங்க… ஹலோ?